பாட்டில் துவைக்கும் பெண்கள்: ஜெர்மன் வகுப்பறையில் ஆண்–பெண் பாடம்

ஜெர்மன் கற்கத் தொடங்கும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாட்டுகளில், துணி வெளுக்கும் பெண்களைப் பற்றிய ஒரு பழைய ஆட்டப்பாட்டுக்கு இன்றும் மவுசு உண்டு. துவைப்பது, பிழிவது, காயப்போடுவது, இஸ்திரி போடுவது என்று சரணத்துக்கு ஒரு வினைச்சொல். பிள்ளைகள் வட்டமாக நின்று கையால் செய்துகாட்டிக்கொண்டே பாடுவார்கள். படர்க்கைப் பன்மை நிகழ்காலம் பத்து நிமிடத்தில் மனதில் ஏறிவிடும். இலக்கணம் நடத்துபவருக்கு இதைவிட வசதியான பாட்டு அமையாது. அதில் துவைப்பவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதை ஆசிரியரும் எடுத்துச் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை.

ஆண்–பெண் பங்குகள் என்று தலைப்புப் போட்ட பாடம், ஜெர்மன் பாடநூல்களில் பெரும்பாலும் பி1, பி2 என்கிற இடைநிலைப் படிகளில்தான் வரும். அதற்குள் மாணவர் காதில் எத்தனையோ பாட்டும் கதையும் உரையாடலும் விழுந்திருக்கும். யார் சமைத்தார், யார் அலுவலகம் போனார், யார் காத்திருந்தார் என்பதெல்லாம் வேற்றுமை உருபோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கும். ஆக, இங்கே இரண்டு கற்பித்தல் நடக்கிறது. ஒன்று சொல்லாமல் நடப்பது, மற்றது சொல்லி நடத்துவது. சொல்லாமல் நடப்பதன் வலிமையைப் பலரும் குறைத்து மதிக்கிறார்கள் என்பது என் கருத்து. சொல்லி நடத்துவதோ, பாட்டையும் கதையையும் அவை பிறந்த ஆண்டிலிருந்து பிய்த்து எடுத்துவிடுவதால், பல வகுப்புகளில் தான் உடைக்க நினைத்த அச்சையே மறுபடி வார்த்துத் தருகிறது.

சொல்லாமல் நடப்பதை முதலில் பார்ப்போம். நிறங்களைக் கற்பிக்க எல்லா ஊர் வகுப்பிலும் பாடப்படும் ஒரு பாட்டு இருக்கிறது. பாடுபவருக்குப் பச்சை உடை பிடிக்கும், காரணம் அவருடைய அன்புக்குரியவர் வேட்டைக்காரர். கறுப்பு பிடிக்கும், அவர் புகைபோக்கி துடைப்பவர். வெள்ளை என்றால் மாவு அரைப்பவர் அல்லது ரொட்டி சுடுபவர். ஒரு பக்கம் உடை, மறுபக்கம் தொழில். தொழில்பெயர்கள் எல்லாம் ஆண்பால். சில ஆசிரியர்கள் பெண்பால் விகுதியைச் சேர்த்துப் பாடவைத்துப் பார்க்கிறார்கள். ஓர் அசை கூடித் தாளம் இடிக்கிறது. அந்த இடறலைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் இடிக்கிறது என்று அப்போதே கேட்டுவிட்டால், ஏ1 படியிலேயே ஒரு நல்ல பாடம் ஆகிவிடும்.

இதைவிடச் சிக்கலானது கோதேயின் காட்டுரோஜாப் பாடல். இளமையில் எழுதியது, 1789இல் கோதேயின் படைப்புகளோடு அச்சேறியது. 1815இல் ஷூபர்ட் இசையமைத்தார். அதன் பிறகு யார் எழுதியது என்றே தெரியாத நாட்டுப்பாட்டு போல ஜெர்மன் பேசும் உலகெங்கும் புழங்குகிறது. ஒரு பையன் வெளியில் ரோஜாவைப் பார்க்கிறான், பறிப்பேன் என்கிறான். குத்துவேன் என்கிறது ரோஜா. அவன் பறித்துவிடுகிறான். அதன் முள்ளும் கூக்குரலும் எடுபடவில்லை. பாட்டில் வரும் கடந்தகால வினைகள் உயிரெழுத்து மாறும் வகையைச் சேர்ந்தவை என்பதால் இலக்கணப் பயிற்சிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கோடிட்ட இடங்களில் மாணவர்கள் ‘பார்த்தான்’, ‘ஓடினான்’, ‘ஒடித்தான்’ என்று நிரப்பி, விடை சரிபார்த்து, மெட்டோடு பாடியும் முடித்துவிடுவார்கள். இந்தப் பாட்டு பெண்மீதான வன்முறையைப் பூவாக்கிச் சொல்கிறது என்று பெண்ணிய விமர்சகர்கள் வெகுகாலமாக எழுதிவருகிறார்கள். மாணவர்களும் இரண்டாம் வாசிப்பில் அதைத் தாமாகவே கண்டுகொள்வார்கள். இரண்டாம் வாசிப்புக்குப் பாடவேளை மிஞ்சுவதில்லை.

இனி, சொல்லி நடத்தும் பாடம். இதற்கென்று எல்லோரும் எடுக்கும் முதல் பாட்டு ஹெர்பர்ட் குரோனமையர் 1984இல் வெளியிட்ட ‘ஆண்கள்’. ஆண்கள் இப்படி, ஆண்கள் அப்படி என்று ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்களாக அடுக்கிக்கொண்டே போய், எது ஒருவனை ஆணாக்குகிறது என்ற கேள்வியில் வந்து நிற்கும் பாட்டு. வாக்கியங்கள் குட்டையானவை, எழுவாய் மாறாது, வினை நிகழ்காலம். ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே போதுமான காரணம். பாட்டு முடிந்ததும் கரும்பலகையை இரண்டாகப் பிரிப்பார்கள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பெயரடைகளைச் சொல்லுங்கள் என்பார்கள். வலிமை, துணிச்சல், முரட்டுத்தனம் ஒரு பக்கம் சேரும். மென்மை, பொறுமை, அழகு மறுபக்கம் சேரும். மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பெயரடைகள் பழகியாயிற்று, பாடம் முடிந்தது.

என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். குரோனமையர் கிண்டலும் பரிவும் கலந்து கலைத்துப்போட்டதை வகுப்பு மறுபடி அடுக்கி வைத்துவிட்டது. பாட்டின் உயிர் முரணில் இருக்கிறது, அட்டவணையில் முரணுக்கு இடமில்லை. மொழி அரைகுறையாக இருக்கும்போது மனிதருக்கு முதலில் கிடைப்பது தேய்ந்த சொற்கள்தான். ‘என் அப்பா கோபக்காரர், ஆனால் அம்மாவிடம் பணம் கேட்கும்போது மட்டும் குழைவார்’ என்று சொல்ல ஆசையிருந்தாலும், கையில் இருக்கிற ஜெர்மனில் ‘ஆண்கள் வலிமையானவர்கள்’ என்றுதான் சொல்ல வரும். பழகிய கருத்தைக் கேள்வி கேட்க வந்த பாடம், மொழிப் பற்றாக்குறையால் பழகிய கருத்தையே சொல்லவைக்கிறது. டி ஆர்ட்ஸ்டெ என்ற பங்க் குழு 1998இல் ஆண்களைப் பன்றிகள் என்று பாடி ஜெர்மன் தரவரிசையில் முதலிடம் பிடித்த நையாண்டிப் பாட்டுக்கும் வகுப்பில் இதே கதிதான். நையாண்டி என்பது தொனியில் இருப்பது. அந்நிய மொழியில் கடைசியாகப் பிடிபடுவதும் தொனிதான். பாதி வகுப்பு அதை நிஜமான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு வாதாடத் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு, அது கடினமானதும் இல்லை. பாட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் ஆண்டை எழுதுவது. அந்த ஆண்டில் சட்டம் என்ன சொன்னது என்று அடுத்த வரியில் எழுதுவது.

1977ஐ எடுத்துக்கொள்வோம். நடிகை யோஹனா ஃபோன் கோட்சியான் அந்த ஆண்டு பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு மேற்கு ஜெர்மனி முழுவதும் ஒலித்தது. வீட்டு வேலை ஒன்றும் பெரிதில்லை என்று கணவன் சொல்கிறானாம். அதை ஒவ்வொரு வேலையாக மனைவி திருப்பிச் சொல்கிறாள், ஒவ்வொன்றின் முடிவிலும் இது அவன் வாக்கு என்று சேர்த்துவிடுகிறாள். கணவன் பாட்டில் ஓர் இடத்திலும் நேரே வாய்திறப்பதில்லை. அவன் குரல் நமக்குக் கிடைப்பதே அவள் வழியாகத்தான். பிறர் கூற்று என்ற இலக்கணப் பகுதிக்கும் ஆண்–பெண் பாடத்துக்கும் இதைப்போல ஒரே இடத்தில் முடிச்சுப்போடும் பாட்டு வேறு எனக்குத் தெரியாது. யார் சொன்னது, யார் சொல்வதாகச் சொல்வது, அப்படிச் சொல்லும்போது தொனி எங்கே மாறுகிறது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பெயரடை அட்டவணை தேவைப்படாது.

சட்டத்துக்கு வருவோம். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டப்படி, இல்லறம் சார்ந்த விஷயங்களில் கடைசி முடிவு கணவனுடையது. 1949இன் அரசமைப்புச் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று தெளிவாக எழுதவைத்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் செல்பர்ட் என்ற வழக்கறிஞர். அந்த வாக்கியம் குடும்பச் சட்டத்துக்குள் இறங்க 1958 ஜூலை வரை ஆயிற்று. அப்போதும் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவுக்கு மனைவி வெளியில் வேலைக்குப் போகலாம் என்றது சட்டம். வீட்டைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்பது எழுத்திலேயே இருந்தது. 1976இல் நிறைவேறி 1977 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம்தான் அதை நீக்கி, வீட்டுப் பொறுப்பைத் தம்பதியர் தமக்குள் பேசி முடிவு செய்யட்டும் என்றது. பாட்டும் சட்டமும் ஒரே ஆண்டு. இது தெரிந்தபின் அந்தத் துள்ளல் மெட்டு வேறு விதமாகக் கேட்கும். நிகழ்காலத்தில் மிதந்துகொண்டிருந்த ‘ஆண்கள், பெண்கள்’ என்ற பேச்சு, ஒரு நாட்டின் ஒரு பத்தாண்டில் போய் உட்காரும்.

பாடகி நினா ஹாகனின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் இதே வேலை நடக்கும். கிழக்கு பெர்லினில் பிறந்தவர். 1974இல் கிழக்கு ஜெர்மனியில் அவர் பாடிப் புகழ்பெற்றது, ஹிடன்சே தீவுக்குச் சுற்றுலா போனபோது கலர் ஃபிலிமை மறந்துவிட்டு வந்த காதலனைத் திட்டும் பாட்டு. கடந்தகால வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் இதை விரும்பி நடத்துவார்கள். 2021 டிசம்பரில் அங்கெலா மெர்கல் பதவி விலகியபோது, ராணுவ வழியனுப்பு விழாவில் இசைக்கச் சொல்லி அவர் தேர்ந்தெடுத்த பாட்டுகளில் இதுவும் ஒன்று. ராணுவ வாத்தியக்குழு முறைப்பாக நின்று இதை வாசித்த காட்சியைத் திரையில் போட்டுக்காட்டினால் எந்த வகுப்பும் கலகலக்கும். 1976இல் மேற்கே வந்தபிறகு, 1978இல் தன் குழுவின் முதல் தொகுப்பில் ஹாகன் பாடியது வேறு ரகம். தாய்மை பெண்ணின் கடமை என்பதை மறுத்து, கருக்கலைப்பைப் பற்றி வெளிப்படையாகப் பாடினார். இங்கேயும் ஆண்டுகள் பேசும். கிழக்கில் முதல் 12 வாரங்களுக்குள் கருக்கலைப்பை 1972இலேயே அனுமதித்துவிட்டார்கள். மேற்கில் 1971இல் ‘ஸ்டெர்ன்’ வார இதழில் தாங்கள் கருக்கலைப்பு செய்தவர்கள் என்று 374 பெண்கள் அறிவித்தார்கள். 1974இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்தியது, 1975இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கிழக்கிலிருந்து மேற்கே போனவர் அந்தப் பாட்டைப் பாடியதில் ஒரு கூர்மை இருக்கிறது. பள்ளி வகுப்புக்கு இது ஏற்றதா என்பதை ஆசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்குத் தயங்கவேண்டியதில்லை.

இன்னும் பின்னே போனால் கேபரே பாடகி கிளேர் வால்டோஃப் இருக்கிறார். ஆண்களை நாடாளுமன்றத்தைவிட்டுத் துரத்தச் சொல்லி 1926இல் அவர் பாடியதை எழுதியவரும் இசையமைத்தவரும் ஃபிரீட்ரிஷ் ஹோலண்டர் என்ற ஆண். ஜெர்மன் பெண்கள் முதன்முதலாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தது 1919 ஜனவரியில். ஏழே ஆண்டுகளில் வந்த இந்தக் கேபரே பாட்டு, பெண்ணுரிமையைப் பாடுகிறதா, பெண்ணுரிமைக்காரர்களைக் கேலி செய்கிறதா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். வகுப்புக்கு வேண்டியதும் அதுதான்.

வாசிப்புப் பகுதிகளில் பழையதும் பெரியதுமான உதாரணம் ஷில்லரின் மணிப் பாடல். 1799இல் எழுதியது. ஆண் பகை நிறைந்த வெளியுலகுக்குப் போகிறான், உள்ளே ஒழுக்கமான இல்லாள் வீட்டை ஆள்கிறாள் என்று படம்பிடித்த அந்த நெடும்பாடலை, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அது வெளியான புதிதிலேயே யேனா நகரில் கரோலினே ஷ்லேகலும் நண்பர்களும் அதை வாசித்து, நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்ததாக அவர் தன் மகளுக்குக் கடிதம் எழுதினார். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று பாடநூல் சொல்லிச் செல்லும் இடத்தில், அந்தக் காலத்திலேயே சிரித்த ஒரு பெண் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஷில்லருக்குப் பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் வைக்காமல் அந்தப் பாடலை நடத்தவே கூடாது என்பேன்.

கிரிம் சகோதரர்களின் கதைகள் எல்லா வகுப்புக்கும் வந்துவிடுகின்றன. சுறுசுறுப்பாக வீட்டு வேலை செய்த பெண்ணின்மேல் தங்கமும் சோம்பேறிப் பெண்ணின்மேல் கீலும் கொட்டும் ஹோல்லே அம்மையார் கதையைச் சொல்லிவிட்டு, அதன் நீதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஆசிரியர்கள் நிறையவே உண்டு. இதில் அதிகம் பயன்படாமல் கிடக்கும் வளம், பதிப்பு வேறுபாடு. 1812இன் முதல் பதிப்பில் பனிவெண்மைப் பெண்ணைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் சித்தியாகிறாள். ஹென்சல்–கிரேட்டல் கதையில் தாய் சித்தியானது 1840இல். தாய் என்ற பிம்பத்தைக் காப்பாற்ற வில்ஹெல்ம் கிரிம் செய்த திருத்தம் இது என்பது பரவலான விளக்கம். ரூத் பாட்டிக்ஹைமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட நூலில், கதைகளில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமலிருக்கிறார்கள் என்று பதிப்புவாரியாகப் பார்த்தார். சாம்பலில் கிடக்கும் நல்ல பெண்ணின் நேர்ப்பேச்சு, பதிப்புக்குப் பதிப்பு குறைந்துகொண்டே போகிறது. முதல் பதிப்பையும் 1857இன் கடைசிப் பதிப்பையும் இரண்டு குழுக்களிடம் கொடுத்து, அவள் வாய்திறக்கும் இடங்களை எண்ணச் சொன்னால் போதும். பி1 மாணவராலும் முடியும். இரண்டு பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஷாமிசோவின் கவிதைகளுக்கு ஷூமன் 1840இல் இசையமைத்த, ஒரு பெண்ணின் வாழ்வை எட்டுப் பாட்டில் சொல்லும் தொகுப்பு, இசை தெரிந்த வகுப்புகளுக்கானது. அவனைக் கண்டதில் தொடங்கி அவன் சாவில் முடிவதே அவள் வாழ்வு. ஷூமன் அதே ஆண்டு மணந்த கிளாரா, மேடையேறிச் சம்பாதித்த பியானோ கலைஞர் என்பதை மட்டும் சொல்லி நகரலாம்.

என்னைக் கேட்டால், ஆண்–பெண் பாடத்துக்குச் சிறந்த வாசிப்புகள் அந்தத் தலைப்பில் எழுதப்படாதவை. வோல்ஃப்காங் போர்ஷெர்ட் 1946இல் எழுதிய ரொட்டிக் கதை ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல். பஞ்சகாலத்தில் நடுராத்திரி கணவன் சமையலறையில் திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறான், மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் காட்டிக்கொடுப்பதில்லை. மறுநாள் தன் பங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைக்கிறாள். ஜெர்மன் வகுப்புகளில் இதைத் தாம்பத்திய அன்பின் கதையாகவும் போருக்குப் பிந்தைய பஞ்சத்தின் கதையாகவும்தான் நடத்துவார்கள், இரண்டும் சரியே. ஆனால் துண்டுகளை மாற்றி வைத்துப் பார்க்கலாம். திருடியது அவளாக இருந்தால் கதை எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்கு நம் வகுப்புகளில் கிடைக்கும் மௌனம், எந்தப் பெயரடை அட்டவணையிலும் கிடைக்காது. வயிறு நிறையாமல் எழுந்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதிகம் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சுவிஸ் எழுத்தாளர் பேட்டர் பிக்ஸலின் 1964ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து இரண்டு கதைகளைச் சொல்லவேண்டும். நகரத்துக்கு வேலைக்குப் போகும் மகள் ரயிலில் திரும்பிவரப் பெற்றோர் சாப்பாட்டு மேசையில் காத்திருக்கிறார்கள். சம்பாதிக்கும் மகளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னொன்றில், புதுப் பேனா வாங்கிய கணவன் இங்கே குளிர்கிறது, தென் அமெரிக்கா போகிறேன் என்று தாளில் எழுதிவிட்டு, பாட்டுப் பயிற்சிக்குப் போன மனைவிக்காக உட்கார்ந்திருக்கிறான். வந்தவள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று கேட்கிறாள். கனவு காண்பவன் ஒருவன், பிள்ளைகளை விசாரிப்பவள் ஒருத்தி. வாக்கியங்கள் எளியவை, ஏ2 முடித்தவர் வாசித்துவிடலாம். மனைவி அந்தத் தாளை எழுதியிருந்தால் என்று மாற்றி எழுதச் சொல்வது நல்ல எழுத்துப் பயிற்சி.

மேல்படிக்குக் கிழக்கு ஜெர்மனி தந்த ஒரு விசித்திரமான தொகுதி உண்டு. பாலினம் மாறிப்போகும் கதைகளை மட்டும் கேட்டு வாங்கி, எடித் ஆண்டர்சன் 1975இல் தொகுத்தது. அதே கருவில் கிறிஸ்டா வோல்ஃப் எழுதிய கதையில், ஒரு பெண் விஞ்ஞானி மருந்து செலுத்திக்கொண்டு ஆணாகி, சோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டுப் பேராசிரியருக்கு அறிக்கை எழுதுகிறாள். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாட்டிலிருந்து வந்த எழுத்து இது. அங்கே வீட்டு வேலைக்கென மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தந்தார்கள், அதைப் பெரும்பாலும் பெண்களுக்கே தந்தார்கள். சட்டம் அவளைத் தொழிற்சாலைக்கு அனுப்பியது, துடைப்பத்தையும் அவள் கையிலேயே விட்டுவைத்தது.

இப்போது வழக்கமான கடைசிக் கேள்விக்கு வருவோம்: ‘உங்கள் நாட்டில் எப்படி?’ எல்லாப் பாடநூலும் இதைக் கேட்கும், பேச்சுத் தேர்விலும் வரும். கேள்வி அப்பாவித்தனமானது, அதன் சாய்வு அப்படியில்லை. ஜெர்மனி முடிந்துபோன விடுதலையாகவும், மாணவரின் நாடு இன்னும் வந்துசேராத இடமாகவும் வகுப்பில் அமைந்துவிடும். ஆண்டுகளை அடுக்கினால் இந்தக் கோடு வளையும். இலங்கையில் பெண்கள் 1931 முதல் வாக்களிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி அளவில் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971இல். அதன் ஆப்பன்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் நீதிமன்றம் தலையிட்டு 1990இல்தான் கிடைத்தது. சூரிச்சிலும் பேர்னிலும் ஜெர்மன் வழிப் பள்ளிகளில் படிக்கும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் பூட்டிகள் இந்த ஊர்ப் பெண்களைவிட நாற்பது ஆண்டுகள் முன்பே வாக்களித்தவர்கள் என்பதை வகுப்பில் சொன்னால் ஆசிரியருக்கும் புதிதாக இருக்கும். மறுபக்கமும் உண்டு. மணவாழ்வுக்குள் நடக்கும் வன்புணர்வை ஜெர்மனி 1997இல் குற்றமாக்கியது, இந்தியச் சட்டத்தில் கணவனுக்கான விலக்கு இன்றும் நீடிக்கிறது. இரண்டு நாட்டுத் தேதிகளும் கரும்பலகையில் இருக்கும்போது, யாரும் யாருக்கும் பாடம் எடுக்கும் தோரணை வராது.

சொற்களின் நடுவே நட்சத்திரக் குறி இட்டு எல்லாப் பாலினத்தையும் உள்ளடக்கும் எழுத்துமுறை பற்றிய சண்டையை இங்கே விரிக்கப்போவதில்லை. ஜெர்மன் எழுத்திலக்கண மன்றம் 2021இல் அதை அதிகாரபூர்வ விதிகளில் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை, பவேரியா 2024இல் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தடை செய்தது. பல்கலைக்கழக அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் மாணவர் அதை எதிர்கொள்ளத்தான் போகிறார். வாசிக்கத் தெரியவேண்டும், தேர்வில் எழுதுவதா வேண்டாமா என்பதும் தெரியவேண்டும். இடைநிலை வகுப்புக்கு அவ்வளவு போதும்.

பாடநூல்களில் இன்னும் இடம்பிடிக்காத ஒரு வரலாறு இருக்கிறது. 1960களிலும் 70களிலும் கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்துப் பெண்கள் மேற்கு ஜெர்மனி மருத்துவமனைகளுக்குச் செவிலியராகப் போனார்கள். சம்பாதித்து ஊருக்கு அனுப்பியவர்கள் அவர்கள். திருமணமாகிப் பின்னால் வந்துசேர்ந்த கணவர்கள் பலருக்கு உடனே வேலை அனுமதி கிடைக்கவில்லை. படித்த ஆண்கள் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தார்கள். ‘வீட்டைப் பார்க்கும் கணவர்’ என்பது பி1 பாடநூல்களில் நவீன ஜெர்மன் ஆணின் முற்போக்கு அடையாளமாக இன்றும் வரும் பகுதி. அதை மேற்கு ஜெர்மனியில் அன்றே வாழ்ந்துகாட்டியவர்களில் மலையாளிகளும் இருந்தார்கள். சட்டம் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. இன்று சென்னையிலும் கொச்சியிலும் ஜெர்மன் வகுப்புகளில் ஜெர்மனி போகத் தயாராகும் செவிலியர்கள் கணிசமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். முதலில் அவர்கள் போவார்கள், கணவரும் பிள்ளைகளும் பிறகு. அந்த வகுப்பில் குரோனமையரின் பாட்டை ஒலிக்கவிட்டு, ‘நீங்கள் அங்கே இரவுப்பணிக்குப் போகும் முதல் குளிர்காலத்தில் வீட்டில் யார் சமைப்பார், அதை ஊருக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஆசிரியர் கேட்டால், எதிர்காலம், நிபந்தனை வாக்கியம், பிறர் கூற்று மூன்றுக்கும் பயிற்சி ஆகிவிடும்.